கேள்வி – பதில்: கையில் இருக்கும் போனும் பத்துக் கட்டளையும்

இந்த முறை வந்த கடிதங்களில் அனேகமானவை ஒரே விஷயத்தைச் சுற்றியே இருந்தன. இணையம், வாட்ஸ்அப், பேஸ்புக், பிள்ளைகளின் போன். எழுதியவர்களில் பெரும்பாலானோர் திருகோணமலை மறைமாவட்டத்துக் கத்தோலிக்கர்கள், அதனால் பதிலும் அந்தப் பக்கத்தில் நின்றே வருகிறது. பெயர்களைப் போடவில்லை. ஊர் சின்னது.

எங்கள் அன்பிய (பங்கில் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடும் சிறு குழு) வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு பிள்ளையின் ஸ்கிரீன்ஷாட் வந்தது. எங்கள் பங்குப் பிள்ளைதான், ஒரு பொடியனோடு கதைத்த மெசேஜ்கள். நானும் அதை என் தங்கச்சிக்கு அனுப்பிவிட்டேன். அதில் இருந்தது முழுக்க உண்மை, பிள்ளையே பிறகு ஒத்துக்கொண்டது. உண்மையைச் சொல்வது எப்படிப் பாவமாகும் என்று வீட்டுக்காரர் கேட்கிறார். எனக்கு மனசு கேட்கவில்லை. சுவாமியிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டுமா?
– ஒரு தாய், பாலையூற்று

சொல்லுங்கள் அம்மா. உங்கள் மனசு சரியான இடத்தில்தான் குத்துகிறது.

உங்கள் வீட்டுக்காரர் கேட்பதைத்தான் நம்மில் பலரும் கேட்கிறோம், ஏனென்றால் எட்டாம் கட்டளை என்றதும் பொய் மட்டும்தான் ஞாபகத்துக்கு வருகிறது. திருச்சபையின் மறைக்கல்வி நூலை எடுத்து 2477ஆம் எண்ணைப் பாருங்கள். மற்றவரின் நற்பெயருக்கு எதிராகச் செய்கிற பாவங்கள் மூன்றை அங்கே தனித்தனியாகச் சொல்லியிருக்கிறார்கள். போதிய ஆதாரமில்லாமல் ஒருவரைக் குற்றவாளி என்று மனதுக்குள் முடிவு கட்டுவது ஒன்று. பொய் சொல்லி அவர் பெயரைக் கெடுப்பது இன்னொன்று. மற்றது, உண்மையாகவே உள்ள ஒரு குறையை, தக்க காரணம் எதுவும் இல்லாமல், அது தெரியாதவர்களிடம் கொண்டுபோய்ச் சொல்வது. உங்கள் குரூப்பில் நடந்தது இந்தக் கடைசி. உண்மை என்பது இதற்குச் சாக்கு ஆகாது, உண்மையாக இருந்தால்தானே அது இந்தப் பாவம், பொய்யாக இருந்தால் அது அவதூறு.

நான் எப்போதும் யோசித்துப் பார்ப்பது என்னவென்றால், நம் பாட்டிமார் கிணற்றடியில் ஒரு கதை கதைத்தால் அது நாலு வீட்டுக்குப் போய், கொஞ்சம் மாறி, கொஞ்சம் மறந்து, ஒரு மழைக்காலம் முடிவதற்குள் அடங்கிவிடும். ஸ்கிரீன்ஷாட் அடங்காது, மாறாது, அந்தப் பிள்ளை எழுதிய அதே எழுத்தோடு, எழுதிய நேரத்தோடு, கனடாவில் இருக்கும் மாமியின் போனிலும் இருக்கும், இன்னும் சில வருடம் கழித்துக் கல்யாணப் பேச்சு வரும்போது யாரோ ஒருவர் அதைத் தேடி எடுத்துக் காட்டவும் முடியும். இதை நினைத்தால், அந்த ஒரு ‘ஃபார்வர்ட்’ சின்ன விஷயம் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

சீராக்கின் ஞான நூல் 19ஆம் அதிகாரத்தில் ஒரு வசனம் இருக்கிறது, கத்தோலிக்கத் திருவிவிலியத்தில் இருக்கும் நூல்தான், எடுத்து வாசியுங்கள். நீ ஒன்றைக் கேள்விப்பட்டால் அது உன்னோடு சாகட்டும், பயப்படாதே, அதனால் உன் வயிறு வெடித்துவிடாது என்கிற பொருளில் வரும். வாட்ஸ்அப் இல்லாத காலத்தில் எழுதியது. இதைவிட நேராக யாரும் சொல்ல முடியாது.

அப்படியென்றால் பிழையைக் கண்டும் வாய் மூடி இருப்பதா? இல்லை. அந்தப் பிள்ளைக்கு ஏதாவது ஆபத்து என்று நினைத்தால், அந்தப் பொடியன் வயதில் மூத்தவன், மிரட்டுகிறான், படம் கேட்கிறான் என்றெல்லாம் தெரிந்தால், தாய் தகப்பனிடம் போய்ச் சொல்ல வேண்டும், அது கடமை. மத்தேயு 18இல் ஆண்டவர் முதலில் தனியாகப் போய்ப் பேசச் சொல்கிறார், கேட்காவிட்டால் ஒருவர் இருவரோடு போகச் சொல்கிறார், திருச்சபைக்குச் சொல்வது அதற்கும் பிறகுதான். நாமோ முதல் வேலையாகக் குரூப்பில் போடுகிறோம், தனியாகப் பேச ஒருவரும் போவதில்லை.

பாவசங்கீர்த்தனத்தில் சொல்லுங்கள், ஆம். ஆனால் அதோடு முடியாது. அதே மறைக்கல்வி நூலின் 2487ஆம் எண், நீதிக்கும் உண்மைக்கும் எதிராகச் செய்த குற்றத்துக்கு மன்னிப்புக் கிடைத்தாலும் ஈடு செய்கிற கடமை இருக்கிறது என்கிறது. உங்களால் செய்யக்கூடியது இதுதான்: தங்கச்சியிடம் சொல்லி அழிக்கச் சொல்லுங்கள், அவர் வேறு யாருக்கும் அனுப்பினாரா என்று கேளுங்கள், அன்பியப் பொறுப்பாளரிடம் அந்தப் பதிவைக் குரூப்பிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள், அந்தப் பிள்ளையைக் கோயிலில் கண்டால் முகத்தைத் திருப்பாமல் முன்பு கதைத்த மாதிரியே கதையுங்கள். அந்தத் தாயைப் போய்ப் பார்த்து “நானும் அனுப்பினேன், மன்னியுங்கள்” என்று சொல்ல உங்களால் முடிந்தால் அது எல்லாவற்றிலும் பெரிது. முடியாவிட்டால் முதலில் சொன்னவற்றையாவது இன்றைக்கே செய்யுங்கள்.

திருச்சபை இணையத்துக்கு எதிரா? ஞாயிறு மறைப்பள்ளியில் போன் என்றாலே சாத்தான் என்பது போலத்தான் சொல்கிறார்கள்.
– ஓ/எல் மாணவன், உப்புவெளி

இல்லை தம்பி. 1963 டிசம்பர் 4இல், உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட முதல் இரண்டு ஏடுகளில் ஒன்றே சமூகத் தொடர்பு ஊடகங்களைப் பற்றியதுதான். வத்திக்கானின் இணையத்தளம் 1995இல் வந்தது. 2001 நவம்பரில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், ஓசியானியா நாடுகளுக்கான தம் மடலை ஒரு மடிக்கணினியில் இருந்து மின்னஞ்சலில் அனுப்பிவைத்தார். 2002 பெப்ரவரி 22இல் ‘இணையத்தில் அறநெறி’, ‘திருச்சபையும் இணையமும்’ என்ற பொருளில் இரண்டு ஏடுகள் ஒரே நாளில் வந்தன. அந்த வருடம் பேஸ்புக்கே கிடையாது. திருத்தந்தை பிரான்சிஸ் 2014இல் இணையத்தைக் கடவுள் தந்த கொடை என்றே எழுதினார்.

அந்த இரண்டில் ‘இணையத்தில் அறநெறி’ வைக்கும் அளவுகோல் ஒன்றுதான். மனிதரும் மனித சமூகமும்தான் ஊடகத்தின் நோக்கம், அதை அளக்கும் அளவும் அவர்களே. நீ ஒன்றைப் போடும்போது, பார்க்கும்போது, அனுப்பும்போது, அங்கே ஒரு மனிதர் உயர்கிறாரா, நசுங்குகிறாரா என்று கேட்டுப் பார். கருவி நல்லதா கெட்டதா என்று கேட்டுக்கொண்டிருந்தால் பதில் வராது.

கார்லோ அகுதிஸ் பற்றி உன் மறையாசிரியரிடம் கேள். 1991இல் லண்டனில் பிறந்து இத்தாலியில் வளர்ந்த பிள்ளை, கணினியில் கெட்டிக்காரன், நற்கருணைப் புதுமைகளைத் திரட்டி ஒரு இணையத்தளம் செய்தவன், 2006 ஒக்டோபர் 12இல் இரத்தப் புற்றுநோயால் 15 வயதில் இறந்துபோனான். 2025 செப்டெம்பர் 7இல் திருத்தந்தை 14ஆம் லியோ அவனைப் புனிதனாக அறிவித்தார். ஜீன்ஸும் சப்பாத்துமாகக் கல்லறையில் கிடத்தியிருக்கும் படத்தைப் பார்த்திருப்பாய். கணினியை விட்டு ஓடி அவன் புனிதன் ஆகவில்லை.

“இன்ன கடையில் சாப்பிடாதீர்கள், கலக்கிறார்கள்”, “இன்ன ஊர்க்காரர் கூட்டமாக வருகிறார்கள்” என்று மெசேஜ் வந்தால், உண்மையோ பொய்யோ, நம் ஆட்களை எச்சரிப்பது கடமை இல்லையா? ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பிறகு எதையும் லேசாக எடுக்க முடியவில்லை.
– வாசகர், உவர்மலை

உங்கள் பயம் எனக்கு விளங்குகிறது. 2019 ஏப்ரல் 21 காலையில் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலிலும் கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் கோயிலிலும் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும் நடந்ததற்குப் பிறகு, நம்மில் எத்தனை பேர் பூசைக்குப் போகும்போது வாசலைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு இருந்தோம். அந்தப் பயத்தை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் “உண்மையோ பொய்யோ” என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் நான் உங்களோடு உடன்படவில்லை, முழுதாகவே உடன்படவில்லை.

அந்தக் கடை மெசேஜுக்கு நம் கிழக்கிலேயே ஒரு கதை இருக்கிறது. 2018 பெப்ரவரி கடைசியில் அம்பாறையில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில், கறிக்குள் கிடந்த கட்டியைக் காட்டி, இது ஆட்களை நிரந்தர மலடாக்குகிற மாத்திரை என்று சிலர் சண்டை பிடித்தார்கள். காசாளருக்குச் சிங்களம் சரியாக விளங்கவில்லை, பயத்தில் தலையாட்டினார், அதை வீடியோ எடுத்துப் போட்டார்கள். பள்ளிவாசலையும் கடைகளையும் அடித்தார்கள். பிறகு அரச இரசாயனப் பகுப்பாய்வில் அது வெறும் மாக்கட்டி என்று தெரியவந்தது. அப்படி ஒரு மாத்திரையே உலகத்தில் கிடையாது. ஆனால் அடுத்த மாதம் முஸ்லிம்களுக்கு எதிரான கலவரத்தில் கண்டி, திகன பக்கம் எரிந்தபோது அந்த வீடியோ இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருந்தது, அரசாங்கம் பேஸ்புக்கையும் வாட்ஸ்அப்பையும் நிறுத்தவேண்டி வந்தது. தங்கள் தளம் அந்த வன்முறையில் வகித்த பங்குக்காகப் பேஸ்புக் நிறுவனமே 2020இல் மன்னிப்புக் கேட்டது. மாக்கட்டி வீடியோவை அனுப்பியவர்களில் எத்தனை பேர் “எச்சரிக்கத்தான் அனுப்பினேன்” என்று சொல்லியிருப்பார்கள், யோசித்துப் பாருங்கள்.

குண்டு வெடித்த அதே வருடம் மே மாதம், சிலாபத்தில் ஒரு கடைக்காரர் பேஸ்புக்கில் ஆங்கிலத்தில் எழுதிய ஒரு வரியை மிரட்டல் என்று எடுத்துக்கொண்டு தொடங்கிய கலவரம் வடமேல் மாகாணம் முழுக்கப் பரவியது. செத்தவர்களுக்காக அழுதுகொண்டிருந்த கத்தோலிக்கர்கள் நிறைந்த பகுதி அது. கர்தினால் மல்கம் ரஞ்சித் ஆண்டகை முஸ்லிம் சகோதரர் மேல் கை வைக்காதீர்கள் என்று அப்போது திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டார். அதையெல்லாம் நாம் மறக்கக் கூடாது.

திருத்தந்தை பிரான்சிஸ் 2018ஆம் ஆண்டின் உலக சமூகத் தொடர்பு நாள் செய்தியை முழுக்கப் பொய்ச் செய்தியைப் பற்றியே எழுதினார். ஏவாளிடம் பாம்பு பேசியதை அதில் எடுத்துக்காட்டுகிறார். பாம்பு சொன்னதில் பாதி உண்மை இருந்தது, நன்மை செய்யும் தோழனைப் போலத்தான் பேச்சைத் தொடங்கியது. உங்களுக்கு வரும் “எச்சரிக்கை” மெசேஜ்களை இன்னொரு தரம் வாசித்துப் பாருங்கள். யார் பார்த்தது, எங்கே, எப்போது என்று எதுவும் இருக்காது. ‘உடனே எல்லோருக்கும் அனுப்பவும்’ என்பது மட்டும் கட்டாயம் இருக்கும்.

திருகோணமலையில் தமிழரும் முஸ்லிமும் சிங்களவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் ஒரு நாளைக் கழிக்க முடியாது. ஆஸ்பத்திரி வரிசையில், மீன் சந்தையில், மூதூர் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இருப்பவரைப் பற்றித்தான் அந்த மெசேஜ் பேசுகிறது. உண்மையிலேயே சந்தேகமான ஒன்றை நீங்கள் கண்ணால் பார்த்தால் பொலிசுக்கு, 119க்கு எடுத்துச் சொல்லுங்கள். அது கடமை. குரூப்பில் போடுவது அந்தக் கடமை இல்லை.

“இந்தப் புனித அந்தோனியார் படத்தை 10 பேருக்கு அனுப்பினால் இன்றிரவு அற்புதம், அனுப்பாவிட்டால் துக்கச் செய்தி.” அனுப்பாமல் விடப் பயமாக இருக்கிறது.
– வாசகி, நிலாவெளி

அனுப்பாதீர்கள். பயப்படவும் வேண்டாம். செபத்துக்கு எண்ணிக்கை வைத்து, அதைச் செய்தால் தானாகப் பலன் வரும் என்று நம்புவதை மூடநம்பிக்கை என்றுதான் மறைக்கல்வி சொல்கிறது. உங்களைப் பயமுறுத்துவது அந்தோனியார் இல்லை. அதோடு ஒன்று, செபம் கேட்டு, பிறகு “சுகமளிக்கும் ஊழியத்துக்கு” என்று வங்கிக் கணக்கு இலக்கம் அனுப்புகிற ஆட்களும் இருக்கிறார்கள், சிலர் ஒரு குருவானவரின் படத்தைப் போட்டு அவர் பெயரிலேயே கேட்கிறார்கள். சுவாமி காசு கேட்டதாக மெசேஜ் வந்தால் பங்கு மனைக்கு நேரில் போய்க் கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

வெள்ளத்துக்குப் பிறகு எங்கள் இளைஞர் குழு வெருகல் பக்கம் உலர் உணவுப் பொதி கொண்டுபோனது. பிரான்ஸ், கனடாவில் இருந்து காசு அனுப்பியவர்கள் படம் கேட்கிறார்கள். ஆட்களை வரிசையாக நிற்க வைத்து, பொதியைக் கையில் கொடுத்துப் படம் எடுத்துப் பேஸ்புக்கில் போட்டோம். ஒரு அக்கா முகத்தை மறைத்துக்கொண்டார். அது எனக்கு ஒரு மாதிரி இருந்தது.
– இளைஞர், திருகோணமலை நகர்

உங்களுக்கு ஒரு மாதிரி இருந்தது என்று எழுதியதற்கே நன்றி, தம்பி. இதைப் பற்றி நான் நெடுநாளாக எழுத நினைத்துக்கொண்டிருந்தேன்.

போர் முடிந்த காலத்தில் இருந்து நம் கிழக்கில் இது ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது. இடம்பெயர்ந்தவர்கள், கணவனை இழந்தவர்கள், வெள்ளத்தில் வீடு போனவர்கள், எல்லோரும் ஒரு பருப்புப் பையையும் மாப் பக்கெட்டையும் பிடித்துக்கொண்டு கமராவைப் பார்க்க வேண்டும், பின்னால் பெனர், பெனரில் கொடுத்தவரின் படம். அந்தத் தாய்க்கு வேண்டாம் என்று சொல்ல வழியில்லை, ஏனென்றால் வேண்டாம் என்றால் பொதியும் இல்லை என்று அவருக்குத் தெரியும். அப்படி ஒரு நிலையில் வாங்கிய சம்மதத்தைச் சம்மதம் என்று சொல்ல என் மனசு ஒப்பவில்லை. அவர் மகள் பள்ளிக்கூடத்தில் ஏ/எல் படிக்கிறாள், அவள் சிநேகிதிகளும் பேஸ்புக் பார்க்கிறார்கள்.

மத்தேயு 6இல் ஆண்டவர், தர்மம் செய்யும்போது உன் வலக்கை செய்வது இடக்கைக்குத் தெரியாதிருக்கட்டும் என்றார். 2023 மே மாதம் வத்திக்கானின் தொடர்புத் துறை சமூக ஊடகங்களைப் பற்றி ஒரு ஏடு வெளியிட்டது, அது முழுக்க, அடிபட்டு வழியில் கிடந்தவரைத் தூக்கிக் காப்பாற்றிய நல்ல சமாரியர் உவமையின் மேல் நின்று பேசுகிறது. அந்த உவமையைத் திரும்ப வாசித்தால் ஒன்று தெரியும், காயப்பட்டவரின் பெயர் இல்லை, உதவியவரின் பெயரும் இல்லை. சத்திரக்காரரிடம் இரண்டு தெனாரியக் காசு கொடுத்ததும், மிச்சத்தைத் திரும்பி வரும்போது தருகிறேன் என்று சொன்னதும் மட்டும் இருக்கிறது. கணக்கு இருக்கிறது, காட்சிப்படுத்தல் இல்லை.

காசு அனுப்பியவர்கள் கணக்குக் கேட்பது நியாயம், நம்மிடையே ஏமாற்றுகளும் நடந்திருக்கின்றன, அதை மறுக்கவில்லை. கடை பில், சாமான் லொறியில் ஏற்றும் படம், பெற்றுக்கொண்டவர்களின் கையெழுத்துப் பட்டியல், கிராம சேவகரின் கடிதம், இவ்வளவும் கொடுத்தவருக்கு மட்டும் தனியாக அனுப்பினால் போதும். படம் கட்டாயம் என்றால் பொதிகளை எடுங்கள், உங்கள் பொடியன்கள் சேற்றில் பாரம் தூக்கிப் போவதை எடுங்கள், முகங்களை விடுங்கள். இதைச் சொன்னதும் காசை நிறுத்துகிறேன் என்பவர் ஒருவர் இருவர் இருப்பார்கள். நிறுத்தட்டும். மற்றவர்களுக்கு விளங்கும், அவர்களும் இந்த மண்ணில் வரிசையில் நின்றவர்கள்தானே. முதல் வேலையாக அந்தப் பதிவை எடுத்துவிடுங்கள், அந்த அக்காவின் படத்தை உங்கள் போனில் இருந்தும் அழியுங்கள்.

அம்மாவின் செத்தவீட்டைப் பேஸ்புக் லைவில் போட்டோம். அண்ணா டொரொன்டோவில், அக்கா பாரிசில், இருவருக்கும் வர முடியவில்லை. பங்கில் ஒருவர் அதைக் கண்டித்தார். பிழையா?
– வாசகர், திருகோணமலை

பிழை இல்லை. இறந்தவரை அடக்கம் செய்வதும் துயரப்படுவோரைத் தேற்றுவதும் இரக்கச் செயல்கள் என்று சின்ன வயதில் படித்தோமே, விசா கிடைக்காமல் அங்கே சுவரைப் பார்த்து அழுதுகொண்டிருக்கும் பிள்ளைக்குத் தாயின் முகத்தை ஒரு தரம் காட்டுவது அதில் சேரும். எனக்குக் கரைச்சல் கொடுப்பது லைவ் யாருக்குத் திறந்திருக்கிறது என்பதுதான். எல்லோரும் பார்க்கிற மாதிரிப் போட்டால் முன்பின் தெரியாதவர்களும் கீழே படமும் கருத்துமாகப் போட்டுக்கொண்டிருப்பார்கள். குடும்பத்துக்கு மட்டும் லிங்க் அனுப்புங்கள், வீடியோ கோல் என்றால் இன்னும் நல்லது. அழுகிறவர்களின் முகத்துக்குக் கிட்டப் போகாதீர்கள். நற்கருணை வாங்குகிறவர்களை எடுக்காதீர்கள். சுவாமியிடம் முதலே சொல்லிவிடுங்கள்.

கோயிலுக்கு 10 நிமிட நடைதான். ஆனால் யூடியூபில் நல்ல பிரசங்கத்தோடு பூசை வருகிறது. ஞாயிறு கடமை அதில் தீருமா?
– வாசகர், அன்புவழிபுரம்

சுகமாக இருந்து, நடக்கவும் முடிந்தால், தீராது. 2002இல் வந்த ‘திருச்சபையும் இணையமும்’ ஏடு, நற்கருணை போன்ற அருட்சாதனங்கள் இணையத்தில் இல்லை என்று ஒரே வரியில் சொல்லிவிடுகிறது. உடம்பெடுத்து வந்த கடவுளை வணங்குகிறோம், அவரது உடலை வாங்குவதற்கு நம் உடலும் அங்கே போக வேண்டும்.

ஆனால் பாயில் கிடக்கும் உங்கள் ஆச்சிக்கு அது பெரிய ஆறுதல், அதைக் குறைத்துப் பேசாதீர்கள். குண்டுவெடிப்புக்கு அடுத்த ஞாயிறு, 2019 ஏப்ரல் 28, கோயில்கள் மூடியிருந்தபோது கர்தினால் தன் இல்லத்துச் சிற்றாலயத்தில் வைத்த பூசையைத் தொலைக்காட்சியில் பார்த்து நாடே அழுதது. கொரோனா காலத்திலும் அப்படித்தான் இருந்தோம். வழி இல்லாதபோது அது கொடை. ஆச்சிக்கு நற்கருணை வீட்டுக்கு வரும், பங்குத்தந்தையிடம் சொல்லுங்கள். நல்ல பிரசங்கத்தைச் சனி இரவு கேளுங்கள், யார் வேண்டாம் என்றது.

புதுப்படங்களை டெலிகிராமில் இறக்கிப் பார்ப்பது களவா?
– மாணவர், திருகோணமலை வளாகம்

களவுதான், ஏழாம் கட்டளை. அதில் லைட் பிடித்தவரும் உடை தைத்தவரும் சம்பளம் வாங்க வேண்டியவர்கள். காசில்லாவிட்டால் கொஞ்சம் பொறுத்து முறையாக வரும்போது பாருங்கள்.

எனக்கு கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள். இரவில் போனில் பார்க்கக் கூடாததைப் பார்க்கும் பழக்கம் விடவில்லை. ஒவ்வொரு தடவையும் பாவசங்கீர்த்தனம் செய்கிறேன், திரும்பவும் விழுகிறேன். சுவாமி முகத்தைப் பார்க்க வெட்கமாக இருக்கிறது.
– பெயர் வேண்டாம்

ஐயா, திரும்பவும் போகிறீர்களே, அது பெரிது, அதை நிறுத்தாதீர்கள். வெட்கம் என்றால் திரைக்கு இந்தப் பக்கம் இருந்து சொல்லுங்கள், அல்லது வேறு பங்குக்குப் போங்கள், அதற்கு உங்களுக்கு உரிமை இருக்கிறது.

மறைக்கல்வி 2354ஆம் எண் ஆபாசப் படங்களைப் பாரதூரமான குற்றம் என்கிறது, ஆனால் ஏன் என்பதையும் சொல்கிறது: நடிக்கிறவர், விற்கிறவர், பார்க்கிறவர் எல்லோருடைய மாண்பையும் இது காயப்படுத்துகிறது, ஒருவர் மற்றவருக்கு வெறும் இன்பப் பொருளாகிவிடுகிறார். அந்தப் படத்தில் இருப்பவள் யாரோ ஒருவரின் மகள், சில சமயம் அவளுக்குத் தெரியாமலே, சில சமயம் மிரட்டி எடுத்தது. இதை நினைப்பது சிலருக்கு உதவியிருக்கிறது. பழக்கம் ஆகிப்போனதால் சுதந்திரம் குறைந்திருக்கலாம், குற்றத்தின் கனத்தை மதிப்பிடும்போது திருச்சபை அதையும் பார்க்கிறது. அதனால் நம்பிக்கை இழக்க வேண்டாம்.

போன் இரவில் படுக்கையறைக்குள் வரக்கூடாது, சார்ஜரைக் குசினியில் வையுங்கள். தனிமையும் களைப்பும் கோபமும் சேரும் நேரம் எது என்று கவனியுங்கள். ஒரே சுவாமியிடம் தொடர்ந்து போனால் அவருக்கு உங்கள் நிலை தெரியும், ஒவ்வொரு தரமும் முதலில் இருந்து சொல்ல வேண்டியதில்லை. அதுவும் போதாவிட்டால் உளவளத்துணையாளர் ஒருவரைப் பாருங்கள், அது விசுவாசக் குறைவு இல்லை.

மகளுக்கு 14 வயது. கொரோனாக் காலத்தில் ஒன்லைன் வகுப்புக்காக வாங்கிய போன், இப்போது கையை விட்டு இறங்குவதில்லை. அவள் தூங்கிய பிறகு எடுத்து எல்லாவற்றையும் வாசிக்கிறேன். அவளுக்குத் தெரியாது. தாய்க்கு அந்த உரிமை இல்லையா?
– ஒரு தாய், ஆறாம் கட்டை

பார்க்கும் கடமை உங்களுக்கு இருக்கிறது. ‘திருச்சபையும் இணையமும்’ பெற்றோருக்கு இதைச் சொல்லியே எழுதியிருக்கிறது. பிள்ளைகள் பயன்படுத்தும் கருவியில் வடிகட்டும் மென்பொருள் இருக்கட்டும், மேற்பார்வை இல்லாமல் இணையத்தில் அலைய விடக்கூடாது என்கிறது. அதே இடத்தில் பெற்றோரின் அடிப்படைக் கடமை பிள்ளையைப் பகுத்தறிந்து பொறுப்போடு பயன்படுத்துகிற ஆளாக வளர்ப்பது என்றும் சொல்கிறது. ஒளித்து வாசிப்பதால் அந்த இரண்டாவது நடக்காது. அவள் என்றைக்கோ ஒரு நாள் கண்டுபிடிப்பாள், பிறகு பாஸ்வேர்டை மாற்றுவாள், இன்னொரு கணக்குத் திறப்பாள், அதற்கும் மேல் மோசமானது, ஒரு சிக்கலில் மாட்டும்போது உங்களிடம் வரமாட்டாள்.

எனவே வெளிப்படையாகச் செய்யுங்கள். “நான் இடைக்கிடை பார்ப்பேன், உன்னோடு இருந்து பார்ப்பேன்” என்று அவளிடமே சொல்லுங்கள். சிநேகிதிகளோடு கதைப்பதை வரிவரியாக வாசிக்க வேண்டாம், யார் யார் தொடர்பில் இருக்கிறார்கள், தெரியாத ஆள் யாராவது இருக்கிறாரா, எந்த ஆப் புதிதாக வந்தது என்பதைப் பாருங்கள். இரவு ஒன்பதுக்குப் பிறகு வீட்டில் எல்லோருடைய போனும் ஒரே மேசையில், உங்களுடையதும் உங்கள் வீட்டுக்காரருடையதும் சேர்த்து. அந்த ஏடு எழுதிய காலத்திலேயே பிள்ளைகள் கூட்டாளிகளையும் இயற்கையையும் மறந்து திரையோடு கிடப்பதைப் பற்றிக் கவலைப்பட்டிருக்கிறார்கள், நமக்குக் கடற்கரை நடக்கிற தூரத்தில் இருக்கிறது, பின்னேரத்தில் கூட்டிக்கொண்டு போங்கள்.

இன்னும் ஒன்றை அவளிடம் இன்றைக்கே சொல்லி வையுங்கள். யாராவது படம் கேட்டால், அல்லது அவள் ஏற்கெனவே அனுப்பியிருந்து அதை வைத்து மிரட்டினால், அல்லது செயற்கை நுண்ணறிவில் அவள் முகத்தை வேறு உடம்பில் ஒட்டி அனுப்பினால் (2023இல் திருத்தந்தை பிரான்சிசுக்கே வெள்ளை ஜாக்கெட் மாட்டிப் பொய்ப் படம் செய்து உலகம் முழுக்க அனுப்பினார்கள், தானும் அப்படி ஆளானதை அவரே அடுத்த வருடச் செய்தியில் குறிப்பிட்டார்), நீங்கள் அடிக்கமாட்டீர்கள், பள்ளிக்கூடத்தை நிறுத்தமாட்டீர்கள், முதலில் உங்களிடம் வரலாம் என்று. அப்படி ஏதும் நடந்தால் மெசேஜ்களை அழிக்க விடாதீர்கள், ஆதாரம் அதுதான். காசு கேட்டாலும் கொடுக்காதீர்கள், கொடுத்தால் மேலும் கேட்பார்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம் 1929, எந்த நேரமும் எடுக்கலாம், தமிழில் கதைக்க வேண்டும் என்று சொல்லுங்கள்.